இன்னும் மூன்று கிலோ: கோத்தகிரி வாசகிக்கு ஒரு டாக்டரின் பதில்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 20 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். ஊட்டியில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். அப்பாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. தோழியின் அக்கா பிரைடல் மேக்கப் செய்பவர். என்னை வைத்துப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அதைப் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாடலிங் கோஆர்டினேட்டர் கூப்பிட்டார். "முகம் நல்லா இருக்கு. ஆனா ராம்ப்புக்கு இடுப்பு 24 வேணும், 46 கிலோவுக்கு வாங்க, கலரும் கொஞ்சம் ஏத்தணும்" என்றார். என் உயரம் 5 அடி 6 அங்குலம். அப்போது 56 கிலோ, ஆறு மாதத்தில் 49-க்கு வந்துவிட்டேன். கலருக்கு ஒரு பார்லரில் கொடுத்த க்ரீம் போடுகிறேன், ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நாலு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. முடி கொட்டுகிறது, எந்நேரமும் குளிர்கிறது. அப்பா ஆசையாக வாங்கி வரும் வர்க்கியைப் பார்த்தால்கூடக் கோபம் வருகிறது. அம்மா தினமும் சண்டை. போர்ட்ஃபோலியோவுக்கு 20,000 ரூபாய் கட்டிவிட்டோம், இன்னும் 20,000 பாக்கி. பீரியட்ஸ் வர ஒரு மாத்திரை பெயர் சொல்லுங்கள். மீதி மூன்று கிலோவைக் கெடுதல் இல்லாமல் குறைக்க வழியும் சொல்லுங்கள். அம்மாவுக்கும் புரிகிற மாதிரி எழுதினால் நல்லது.

– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்:

மாத்திரை பெயர் எழுத மாட்டேன், கண்ணு. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே அதை வாங்க முடியும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிப் போட்டுக்கொள்ளாமல் கேட்டு எழுதினீர்களே, அதற்காகவே உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

கல்யாணம், கோவில் விசேஷம் என்று நாளைத் தள்ளிப்போட நம் பெண்கள் போடுகிற ஹார்மோன் மாத்திரை வகைதான் நீங்கள் கேட்பது. அதைச் சில நாள் போட்டு நிறுத்தினால் பலருக்கு ரத்தப்போக்கு வரும். மாத்திரையை நிறுத்தியதால் வருகிற ரத்தம் அது. சினைப்பை திரும்ப வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. எடை இறங்கி, சினைப்பை சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடிமட்டத்துக்குப் போனவர்களுக்கு அந்த ரத்தம்கூட வராமல் போவதுண்டு. மாதாமாதம் போடுகிற கருத்தடை மாத்திரையும் இதே கதைதான். காலண்டரில் தேதி தவறாமல் வரும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள், எலும்பு தேய்வது மட்டும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். உங்கள் உடம்பில் இப்போது ஒழுங்காக வேலை செய்கிற ஒரே எச்சரிக்கை மணி இந்த நின்றுபோன பீரியட்ஸ். அதன் வாயை அடைக்க நான் மருந்து தரப்போவதில்லை.

நாலு மாதம் வராமல் போகப் பல காரணம் இருக்கலாம். தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடுவது, சினைப்பை நீர்க்கட்டி, கர்ப்பம். கடைசியாகச் சொன்னதை எந்தப் பெண் வந்தாலும் முதலில் பார்ப்பது எங்கள் வழக்கம், அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஆறு மாதத்தில் ஏழு கிலோ, தீராத குளிர், கொட்டும் முடி, வர்க்கியின் மேல் கோபம் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை.

பச்சை இலைக்கு விலை இல்லாத வருஷம் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? உரம் வாங்குவது நிற்கும், கவாத்து தள்ளிப்போகும், வீட்டுக்கு வெள்ளையடிப்பதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பீர்கள். அடுப்பு மட்டும் எப்படியாவது எரியும். உடம்பும் அப்படித்தான் செலவைக் குறைக்கிறது. இதயத்தையும் மூளையையும் கடைசி வரை காப்பாற்றும். குழந்தை பெறுகிற ஏற்பாடு, முடி வளர்வது, தோலுக்குச் சூடான ரத்தம் அனுப்புவது, புது எலும்பு கட்டுவது எல்லாம் தள்ளிவைக்கக்கூடிய செலவு. கொழுப்புத் திசு குறைந்ததும் அதிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். அது குறைந்ததை மூளையில் ஹைப்போதலாமஸ் கவனித்து, "இப்போதைக்கு வேண்டாம்" என்று சினைப்பைக்குப் போகிற உத்தரவை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும். அதைத்தான் நாலு மாதமாக நீங்கள் பார்க்கிறீர்கள்.

இப்போது எடைக் கணக்கு. உங்கள் உயரம் ஏறக்குறைய 168 செ.மீ. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 18.5-க்குக் கீழே போனால் எடைக்குறைவு என்கிறது. உங்கள் உயரத்துக்கு அது சுமார் 52 கிலோ. நீங்கள் 56 இருந்தபோதே பி.எம்.ஐ. 20-ஐத் தொடவில்லை, ஒல்லியான பெண்தான். இன்றைக்கு 17.4. அந்த மனுஷன் கேட்கிற 46-க்குப் போனால் 16.3. பி.எம்.ஐ. குறையில்லாத அளவுகோல் என்று சொல்லமாட்டேன், தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பி.எம்.ஐ. 20 இருந்தும் சாப்பாடு போதாமல் பீரியட்ஸ் நின்ற ஓட்டப்பந்தய வீராங்கனைகள் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் எண்ணும் உடம்பும் ஒரே பதிலைச் சொல்கின்றன. அதனால் இரண்டாவது கேள்விக்கும் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த மூன்று கிலோவைக் கெடுதல் இல்லாமல் குறைக்க வழி கிடையாது. 49-க்குக் கீழே எந்த வழியில் போனாலும் கெடுதல்தான்.

குளிரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த பெண், மேட்டுப்பாளையத்துக்காரர்கள் ஸ்வெட்டர் போடும்போது பாவாடை சட்டையில் ஓடித் திரிந்திருப்பீர்கள். உங்களுக்குக் குளிர்கிறது என்றால் அது மலைக் குளிர் ஆகாது. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பரில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு பரிசோதனை தொடங்கினார். போர் முடிந்தபின் பட்டினியில் இருந்து மீள்கிறவர்களுக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று தெரிந்துகொள்ள, ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி வயிற்றுச் சாப்பாடு, நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. இன்றைக்கு இன்டர்நெட்டில் பெண்களுக்கென்று போடுகிற டயட் சார்ட் பலவற்றில் இதைவிடக் குறைவாக இருக்கிறது. அந்தப் பையன்கள் கோடையிலும் கம்பளி கேட்டார்கள். நாடித்துடிப்பு இறங்கியது, முடி கொட்டியது. சிடுசிடுப்பு வந்தது, நண்பர்களோடு பேசப் பிடிக்கவில்லை. சமையல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள். யாரும் மாடலாக ஆசைப்பட்டவர்கள் கிடையாது, யாருக்கும் முன்னால் மனநோய் இருந்ததும் கிடையாது. பட்டினி மட்டுமே அவர்களை அப்படி ஆக்கியது.

வர்க்கியின் மேல் உங்களுக்கு வருகிற கோபத்தை இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன். அப்பா மேல் வருகிற கோபம் அது கிடையாது, பசியின் வேலை. இதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவருக்கும் மனசு ஆறும்.

எலும்பைப் பற்றி சுருக்கமாக. இருபதுகளில் எலும்பு தன் முழு அடர்த்தியை எட்டும், அதன் பிறகு சேமிப்பு கிடையாது, செலவு மட்டும்தான். உங்கள் வயது சேமிக்க வேண்டிய வயது. ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போகிற ஒவ்வொரு மாதமும் அந்தச் சேமிப்பில் கை வைக்கிறது. இழந்த அடர்த்தி முழுவதும் திரும்பும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்டுவைக்கிறேன். "ஸ்லிம்மிங் டீ", "டீடாக்ஸ் டீ" ஏதாவது குடிக்கிறீர்களா? தேயிலை நாட்டுப் பெண்ணுக்கே ஆன்லைனில் டீ விற்கிற காலம் இது. அந்தப் பொட்டலங்கள் பலவற்றில் இருக்கிற சென்னா வேறொன்றும் இல்லை, நம் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் விளைகிற நிலவாகை. தாத்தா பாட்டி மலச்சிக்கலுக்குச் சாப்பிட்ட அதே நிலவாகைப் பொடி. அது பெருங்குடலில் வேலை செய்கிறது. சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். அதனால் காலையில் தராசில் குறைந்து தெரிவது தண்ணீர்தான். கூடவே பொட்டாசியமும் போகும். பொட்டாசியம் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அப்புறம், பசியை அடக்க வெறும் வயிற்றில் கட்டன் சாயாவாக ஊற்றிக்கொள்வதும் இங்கே சகஜம். சாப்பாட்டோடு குடிக்கிற டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது. முடி கொட்டுவதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

சரி, மாடலிங்குக்கு வருகிறேன். அந்தத் தொழிலே வேண்டாம் என்று சொல்வேன் என்று உங்கள் அம்மா எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். அது ஒரு வேலை. நேர்மையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல வருமானமும் உண்டு. ஆனால் அந்த 24 அங்குலம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டிசைனர் புது வரிசை உடைகள் செய்யும்போது, ஒவ்வொன்றையும் எல்லா அளவிலும் தைக்க மாட்டார். துணி, தையல்கூலி, நேரம் எல்லாம் செலவு. ஒரே அளவில் ஒரு சாம்பிள் தைப்பார். திருப்பூரில் கேட்டால் சாம்பிள் என்றால் என்ன என்று சொல்வார்கள். அதே சாம்பிள் ராம்ப்புக்கும் போகும், பத்திரிகைப் போட்டோவுக்கும் போகும். ஐரோப்பாவில் அந்த அளவு பெரும்பாலும் 34, 36. ஆக, முதலில் உடை தயார், அதற்குப் பிறகு அதில் நுழைகிற உடம்பைத் தேடுகிறார்கள். எந்த டாக்டரும் உட்கார்ந்து, பெண்ணின் இடுப்பு 24 இருந்தால் நல்லது என்று முடிவு செய்ததில்லை. இடுப்பெலும்பின் அகலத்தைப் பட்டினி போட்டுக் குறைக்கவும் முடியாது.

இன்னொன்று. ராம்ப்புக்குப் பெண்களை எடுக்கிற ஏஜென்சிகள் பொதுவாக 5 அடி 8 அங்குலத்திலிருந்துதான் பார்க்கும். உங்கள் உயரம் 5 அடி 6. பத்து கிலோ குறைத்தால் இரண்டு அங்குலம் வளருமா? இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தும் ராம்ப் ஆசை காட்டினாரா, தெரியாமலே கோஆர்டினேட்டராக இருக்கிறாரா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். உங்கள் முகத்துக்கும் உயரத்துக்கும் வருகிற வேலை, அதாவது புடவைக் கடை, நகைக் கடை விளம்பரம், ஆன்லைன் விற்பனைக்கான கேட்டலாக், பிரைடல் மேக்கப் ஷூட், இவை எதற்கும் 24 இடுப்பு வேண்டியதில்லை. 56 கிலோவில் எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் அவரே உங்களைக் கூப்பிட்டார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

குன்னூரில் சினிமா, விளம்பரம் என்று ஏதாவது ஒரு ஷூட்டிங் அடிக்கடி நடக்கும். அப்படி ஒரு துணி விளம்பரத்தில் நின்றுகொண்டிருந்த பெண் மயங்கி விழுந்து, எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். ஈ.சி.ஜி. எடுக்க நர்ஸ் சட்டையைத் தளர்த்தப் போனால் முதுகு நெடுக கிளிப்புகள். ஆபீஸில் காகிதக் கட்டுக்குப் போடுவோமே, அந்தக் கறுப்பு கிளிப். முன்னால் பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்த சட்டை, பின்னால் ஒரு பிடி துணியாகச் சுருட்டப்பட்டிருந்தது. நர்ஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி ட்ரேயில் போட்டார். வயிறு தட்டையாகத் தெரியவேண்டும் என்று முந்தின நாளிலிருந்து அந்தப் பெண் தண்ணீரையும் நிறுத்தி, நீர் பிரிகிற மாத்திரையும் போட்டிருந்தார். பொட்டாசியம் நன்றாக இறங்கியிருந்தது. நல்லவேளை, ராத்திரிக்குள் சரியாகிவிட்டது. கூட வந்த காஸ்ட்யூம் உதவியாளரிடம் கிளிப்பைப் பற்றிக் கேட்டேன். "எல்லா ஷூட்டிலும் போடுவோம் டாக்டர், ரெடிமேட் துணி யாருக்கு அப்படியே பொருந்துது?" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். துணியை உடம்புக்கு ஏற்றபடி ஒரு நிமிஷத்தில் மாற்றத் தெரிந்த தொழில் அது. மிச்சம் இருந்தால் கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்கள் உங்களைப் பட்டினி கிடக்கச் சொல்வதற்குக் காரணம், உங்கள் பட்டினிக்கு அவர்கள் யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு அந்தத் தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டின் மான்டிவிடியோவில், ராம்ப்பிலிருந்து இறங்கியதும் லூயிசெல் ராமோஸ் என்ற 22 வயது மாடல் சரிந்து விழுந்து இறந்தார். இதயம் நின்றுவிட்டது. அவருடைய தங்கை எலியானாவும் மாடல். ஆறு மாதம் கழித்து, 2007 பிப்ரவரியில், 18 வயதில் அவரும் போய்விட்டார். இரண்டுக்கும் நடுவில், 2006 நவம்பரில், பிரேசிலைச் சேர்ந்த ஆனா கரோலினா ரெஸ்டன் என்ற 21 வயது மாடல் அனோரெக்சியாவின், அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் மனநோயின் விளைவாக இறந்தார். 172 செ.மீ. உயரம், எடை சுமார் 40 கிலோ.

லூயிசெல் இறந்ததிலிருந்தே தொழிலுக்கும் கொஞ்சம் பயம் வந்தது. 2006 செப்டம்பரிலேயே மாட்ரிட் ஃபேஷன் வாரத்தில் பி.எம்.ஐ. 18-க்குக் கீழே இருந்தவர்களை மேடை ஏற்றவில்லை. இஸ்ரேல் 2012-இல் சட்டமே கொண்டுவந்தது: 18.5 இருக்க வேண்டும், டாக்டர் சான்றிதழ் வேண்டும், போட்டோவில் உடம்பை ஒல்லியாக்கினால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். பிரான்சில் 2017 முதல் மாடலுக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். அங்கேயும் விளம்பரப் படத்தில் உடம்பின் உருவத்தை மாற்றினால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். அதே 2017-இல் எல்.வி.எம்.எச்., கெரிங் என்ற இரண்டு பெரிய பிரெஞ்சுக் குழுமங்கள் பெண் மாடல்களுக்கு 32 அளவைக் கைவிட்டன. இதனால் எல்லாம் திருந்திவிட்டது என்று நான் நம்பவில்லை, மேடையில் இன்னும் ஒல்லி உடம்புகள்தான் அதிகம். நம் நாட்டில் மாடல்களின் எடைக்கென்று இப்படி ஒரு சட்டமும் இல்லை. ஆனால் உங்கள் கோஆர்டினேட்டர் கேட்கிற 46 கிலோவோடு மாட்ரிட்டுக்குப் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பையன்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை என்று நினைக்க வேண்டாம். அவர்களிடம் மெலியச் சொல்வதற்குப் பதில் "சிக்ஸ் பேக்" கேட்கிறார்கள், ஜிம்மில் யாரோ கொடுக்கிற ஊசியைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

"கலர் ஏத்தணும்" என்ற பேச்சு எனக்கு எடையைவிட எரிச்சலாக இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பதை இவரும் கேட்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்பு நிறத்தவரை மட்டமாகக் காட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்று விளம்பரத் துறையின் தரக் கவுன்சிலே 2014-இல் விதி வகுத்தது. "ஃபேர் அண்ட் லவ்லி" 2020-இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. சென்னையில் 2009-இல் ஆரம்பித்த "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்துக்கு நடிகை நந்திதா தாஸ் முகம் கொடுத்தார். இத்தனைக்குப் பிறகும் பார்லர் க்ரீம் விற்கிறது.

ஒரே வாரத்தில் நிறம் மாறியது என்கிறீர்கள். அப்படி மாற்றுகிற பெயரில்லாத க்ரீமில் இரண்டில் ஒன்று இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்: வீரியமான ஸ்டீராய்டு, அல்லது பாதரசம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும். முதலில் பளபளப்பு, சில மாதத்தில் சிவப்பு, பரு, முகத்தில் முடி, வெயில் பட்டால் எரிச்சல். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கோத்தகிரி வெயில் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் மேட்டுப்பாளையம் வெயிலைவிட அதில் அந்தக் கதிர் அதிகம். மெலிந்த தோல் அதைத் தாங்காது. பாதரசம் அதைவிட மோசம், நேராகச் சிறுநீரகத்தில் போய் உட்காரும். சிறுநீரில் புரதம் போகும், நுரைக்கும், முகமும் காலும் வீங்கும். நாடுகாணி இறங்கினால் மலப்புரம் மாவட்டம். அங்கே சிறுநீரக மருத்துவர்கள் வெளுப்பு க்ரீம் போட்டு இப்படி வந்தவர்களைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியச் சட்டப்படி முகத்துக்குப் போடுகிற க்ரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. க்ரீமை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்டீராய்டாக இருந்தால், நிறுத்தியதும் சில நாள், சில வாரம்கூட, முகம் சிவந்து எரியலாம். அதைப் பார்த்துப் பயந்து திரும்பப் போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி உங்கள் அம்மாவுக்கு. அம்மா, பெண்ணின் உடம்பைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நான் பரிசோதனை செய்து சொல்ல வேண்டியதை நீங்கள் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆனால் சண்டையில் இரண்டு விஷயம் கலந்துபோகிறது. "சாப்பிடு" என்பதும் "மாடலிங் வேண்டாம்" என்பதும் ஒரே மூச்சில் வந்தால், சாப்பிடுவதே தோற்றுப்போவதாக அவளுக்குத் தெரியும். தொழில் பேச்சை ஆறு மாதம் ஓரமாக வையுங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் "எலும்பும் தோலுமா ஆயிட்டா" என்று சொல்ல வேண்டாம்; இதே சொந்தக்காரர்கள்தான் இரண்டு வருஷம் முன்னால் "பொண்ணு பூசினாப்புல இருக்கா" என்று சிரித்திருப்பார்கள். தட்டில் என்ன மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருக்காமல் கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். முக்கால்வாசி வீட்டில் அம்மா கடைசியில், நின்றுகொண்டு, மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறாள். பெண் அதையும் பார்த்துத்தான் வளர்கிறாள்.

கண்ணு, உங்களுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் ஏதும் எழுதப்போவதில்லை, ஏற்கனவே எண்ணிக்கொண்டு திரிகிறவருக்கு இன்னொரு கணக்கு வேண்டாம். வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதை மூன்று வேளையும் சாப்பிடுங்கள், நடுவில் இரண்டு தடவை ஏதாவது. ராகிக் களி, சாமைச் சோறு, அவரைக் குழம்பு, உருளைக்கிழங்கு, கீரை, முட்டை, தயிர், ஒரு கைப்பிடி நிலக்கடலை. மலையில் இதற்குப் பஞ்சம் இல்லை. டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். வாரம் அரைக் கிலோ போல ஏறினால் போதும். முதல் சில வாரம் வயிறு உப்புசமாக, முகம் கொஞ்சம் ஊதினாற்போலத் தெரியும். அது கொழுப்பு கிடையாது, தண்ணீர், தானே வடியும். அந்த நேரத்தில்தான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எந்த எடையில் பீரியட்ஸ் தானாகத் திரும்புகிறதோ, குறைந்தது அதுதான் உங்கள் எடை. அது 53 ஆக இருக்கலாம், 56 ஆகவும் இருக்கலாம். எடை வந்த பிறகும் சில மாதம் தாமதமாகலாம்.

தட்டில் கை வைக்கவே பயமாக இருக்கிறது, சாப்பிட்டபின் வாந்தி எடுக்கத் தோன்றுகிறது, கண்ணாடியில் 49 கிலோவும் குண்டாகவே தெரிகிறது என்றால், புத்திமதியால் தீருகிற கட்டத்தை அது தாண்டிவிட்டது. கடிதத்தை வைத்து அனோரெக்சியா என்று நான் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். மயக்கம், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம், உட்கார்ந்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே என்று ஏதாவது ஒன்று வந்தால் தேதி பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி.

பாக்கி 20,000 ரூபாயைக் கட்டாதீர்கள். ஒழுங்கான ஏஜென்சி, மாடலுக்கு வேலை வாங்கிக் கொடுத்து அதில் கமிஷன் எடுக்கும். வேலை வரும் முன்பே மாடலிடம் பணம் வாங்கிப் பிழைக்காது. போட்டோ வேண்டும் என்றால் உங்கள் தோழியின் அக்கா எடுத்ததே அவர்களை உங்களிடம் கூட்டி வந்திருக்கிறது. கோஆர்டினேட்டரிடம் மூன்று விஷயம் வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: எந்தக் கம்பெனியின் விளம்பரம், எத்தனை நாள் வேலைக்கு எவ்வளவு சம்பளம், 46 கிலோ வேண்டும் என்று கேட்டது அந்தக் கம்பெனியா அவரா. பதில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கட்டிய 20,000-ஐத் திருப்பிக் கேளுங்கள். அப்பாவைப் பேச விடுங்கள், ஏஜென்டிடம் இலை எடை போட்டுப் பழகியவருக்கு இந்தப் பேரம் கஷ்டமாக இருக்காது.

இந்த வாரமே கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கோ ஊட்டிக்கோ அம்மாவோடு போங்கள். கர்ப்பப் பரிசோதனை, ஹீமோகுளோபின், தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், ஒரு ஈ.சி.ஜி., அடிவயிற்று ஸ்கேன். அங்கே டாக்டர் பார்த்து இதில் கூட்டுவார், குறைப்பார். எடை எவ்வளவு இறங்கியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். க்ரீம் டப்பாவையும் டீ பொட்டலம் ஏதாவது இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள், மூடியில் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரத்தம் எடுப்பார்கள் என்று வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம், இந்தப் பரிசோதனைகளுக்கு அது தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே பஸ் ஏறுங்கள்.